கம்ப்யூட்டர் எடுத்த காம்பராக்கள்

"ஆறாம் காம்பராவுக்குப் போன காலு ஏழாம் காம்பராவுக்கு ஏன் வரல? எங்க வாசல்ல என்ன முள்ளா மொளச்சிருக்கு?"

கருப்பம்மாவின் குரல் கீழ் லயத்து வீட்டு வரிசையில் கிளம்பி, தண்ணீர்ப் பீலியைத் தாண்டி, மேல் லயத்தில் சோறு தின்றுகொண்டிருந்தவர்களைத் தட்டோடு வாசலுக்கு இழுத்து வந்தது.

"கொஞ்சம் மெதுவாப் பேசு மதினி," என்றாள் பெரியாயி.

"மெதுவாப் பேச நான் என்ன களவா எடுத்தேன்? ஒம் மக எங்க வீட்டு ரொட்டியத் தின்னுட்டு ஸ்கூலுக்குப் போன புள்ள. இன்னைக்கு அகஸ்டினா வீட்டுக்குள்ள உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுப் பேசுது. எழும்புது. என் வாசலத் தாண்டுறப்ப மட்டும் கழுத்து சுளுக்கிக்கிச்சோ என்னமோ, அந்தப் பக்கமா திரும்பிக்கிட்டு எட்டாம் காம்பராவுக்குள்ள போவுது. நாங்க என்ன ஒதுக்கி வச்ச குடும்பமா?"

அந்தப் புள்ள, அதாவது பெரியாயியின் மகள் சுதர்ஷினி, இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பதுளை டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். அவள் சாக்பீஸைக் கையில் எடுத்தாலே பின்வரிசை அடங்கிவிடும் என்று பேர். கருப்பம்மாவிடம் அந்தப் பேர் செல்லுபடியாகவில்லை.

"நான் எடுக்கல அத்தை. கம்ப்யூட்டர் எடுத்துச்சு."

"கம்ப்யூட்டருக்கும் எனக்கும் என்ன பகை?"

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் கிடையாது.

விசயம் சின்னதுதான். ஆனால் நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் சின்ன விசயம் என்று எதுவும் இருந்ததில்லை. லயத்தில் ஒரு வீட்டுக்குச் சொன்னால் எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும். கல்யாணமா, காதுகுத்தா, கோயில் பொங்கலா, முதல் காம்பராவில் தொடங்கிக் கடைசிக் காம்பரா வரைக்கும் வாசல் விடாமல் போக வேண்டும். நடுவில் ஒரு வாசலைத் தாண்டிவிட்டால் அந்த வீட்டோடு தண்ணீர் புழக்கம் முறிந்தது என்று அர்த்தம். எந்தக் காலத்திலோ ஒரு சடங்குக்குச் சொல்லாமல் விட்டதற்காக இன்றைக்கும் பீலியடியில் முகம் பார்க்காமல் குடம் நிரப்புகிற இரண்டு குடும்பங்கள் அங்கே உண்டு. எந்தச் சடங்கு என்று கேட்டால் இரண்டு வீட்டுக்காரருக்கும் ஞாபகமில்லை.

அப்படிப்பட்ட இடத்தில்தான் சுதர்ஷினி தன் முதுமாணிப் பட்டப் படிப்புக்கு எழுமாற்று மாதிரி எடுக்கக் கிளம்பியிருந்தாள். எல்லா வீட்டிலும் கேட்காமல், கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிக் கொடுக்கும் வீடுகளில் மட்டும் கேட்பது.

படிப்பு கொழும்பில் ஒரு பிஸ்னஸ் ஸ்கூலில். பாடம் புள்ளிவிபரவியல். தோட்டத் தலைவர் சின்னராசா இதைக் கேள்விப்பட்ட நாளே விசாரித்துவிட்டார்.

"பிஸ்னஸ் ஸ்கூலுன்னா, கடை போடப் போறியா புள்ள?"

"இல்ல மாமா. கணக்குப் படிக்கிறேன்."

"கணக்குத்தான் ஒனக்குத் தெரியுமே. அதைச் சொல்லிக் குடுத்துச் சம்பளம் வேற வாங்குற. பொறவு எதுக்கு மறுபடி படிக்கிற?"

எதுக்கு என்று அவருக்குப் புரியவில்லையே தவிர, அவள் படித்த படிப்பை டிவிசனே கண்ணால் பார்த்தது. வார இறுதி வகுப்பெல்லாம் ஸூமில். சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அம்மன் கோயிலுக்கு மேலே உள்ள பாறை. மழையில் ஒரு கையில் குடை, மடியில் லேப்டாப், காலில் அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை இழுத்த, சவர்க்காரம் தேய்த்த மேசு. போன வருசம் ஆன்லைன் பரீட்சை. கமராவை விட்டுப் பார்வை நகர்ந்தால் பரீட்சை ரத்து என்று சட்டம். மேசுக்குள் அட்டை புகுந்து இரத்தம் குடித்து, உருண்டு, தானாகவே விழும் வரைக்கும் அந்தப் பெண் குனிந்து பார்க்கவில்லை. கொழுந்துக் கூடையோடு பாதையில் போன பெண்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏதோ பெரிய படிப்புத்தான்" என்று சத்தம் காட்டாமல் சுற்றுப் பாதையில் போனார்கள். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல். காலில் தழும்பு இன்னமும் இருக்கிறது.

மிச்சமிருந்தது ஆய்வு ஒன்றுதான். அது முடிந்தால் பட்டம்.

"அத்தை, இங்க பாருங்க," என்று பள்ளிக்கூடத்துக் குரலை எடுத்தாள் சுதர்ஷினி. "ஃபெக்டரியில டீமேக்கர் என்ன செய்யுறாரு? ஒரு கரண்டித் தேத்தண்ணிய வாயில வச்சுப் பார்த்துட்டு அன்னைக்கி அரைச்ச தேயிலை முழுக்க எப்படின்னு சொல்லிடுறாருல்ல? அது மாதிரிதான். எல்லா வீட்டையும் கேக்கத் தேவையில்ல. கொஞ்ச வீட்டக் கேட்டாப் போதும்."

கருப்பம்மா யோசித்தாள். லயமே யோசித்தது.

"அப்ப அகஸ்டினா வீடு கரண்டியில எடுத்த தேத்தண்ணி. நாங்க பீலியில ஊத்துறதா?"

தட்டோடு நின்றவர்களில் ஒருத்தருக்குப் புரையேறியது.

சுதர்ஷினி ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து, அன்றைக்குச் சாயந்தரமே ஏழாம் காம்பராவுக்குப் போனாள். அதே கேள்விகளைக் கருப்பம்மாவிடமும் கேட்டாள். அவள் சொன்னதையெல்லாம் எழுதினாள். கணக்கில் சேர்க்கப் போவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. கருப்பம்மாவுக்கு மனது குளிர்ந்து, பெரிய கோப்பையில் பால்தேத்தண்ணி வந்தது.

அடுத்த நாள் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் முன்பே விசயம் தெரிந்துவிட்டது. சாயந்தரம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, கம்ப்யூட்டர் எடுக்காத வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி துடைத்துப் போடப்பட்டிருந்தது. ஒரு வாசலையும் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி, ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. அந்தக் கிழமை முழுவதும் சுதர்ஷினிக்கு வயிறு ஒரு நிலையில் இல்லை.

அது முடிந்து நிமிர்ந்தபோது, கம்ப்யூட்டர் எடுத்த வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன.

"ஒங்க வீட்டத்தான் கம்ப்யூட்டர் எடுத்துச்சுன்னு சொன்ன. நானும் சீலை மாத்திக்கிட்டு உக்காந்தேன். இப்ப எல்லா வீட்டுக்கும் போயிருக்க. அப்ப எங்களுக்கு என்ன மரியாத?" என்று கேட்டாள் ஆறாம் காம்பரா அகஸ்டினா. அதிகம் பேசாத பெண். பேசினால் திருத்தமாகப் பேசுவாள். "நான் சொன்னதத் திருப்பிக் குடுத்துரு."

"சொன்னத எப்படிக்கா திருப்பிக் குடுக்கிறது?"

"அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போடு. திரும்பி வந்த மாதிரிதான்."

பதுளை டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் றொபின்சன் இந்தக் கதையை லேப்டாப்புக்கு சார்ஜர் மாற்றிக்கொண்டே கேட்டான். மேல் டிவிசன் பையன். சேர்ச்சில் கீபோர்ட் வாசிப்பவன். கேள்வித்தாளையெல்லாம் அவன்தான் அடித்துக் கொடுத்தான். போன் உடையாமலே சுதர்ஷினி அந்தக் கடைக்கு அடிக்கடி போவதை டவுனில் இரண்டு பேர் கவனித்திருந்தார்கள். அவள் கவனிக்கவில்லை.

"டீச்சர், சும்மா மண்டைய ஒடைக்காதீங்க. மாட்டேன்னு சொன்ன வீட்டுக்குப் பதிலா பக்கத்து வீட்டுக் கடுதாசியப் போட்டுருங்க. அதுதான் கட்டாக் கெடக்கே."

"போட முடியாது. கம்ப்யூட்டர் எடுத்த வீடுன்னா அந்த வீடுதான். மாத்தினா மாதிரியே செத்துப்போயிரும்."

"சரி, அந்தந்த வீட்டுக் கடுதாசிய நாமளே நிரப்பிடுவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் சுதர்ஷினி.

றொபின்சன் சார்ஜரைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு அவனிடம் சார்ஜர் வாங்க வந்த மற்றவர்கள் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டி வந்தது.

மரியாதைதானே பிரச்சினை? மரியாதையாகப் போனால் ஆயிற்று. சனிக்கிழமை சுதர்ஷினி நல்ல சீலை ஒன்றைக் கட்டினாள். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன நேரம் பார்த்து, சாமி மாடத்துக்குக் கீழே இருந்த பித்தளைத் தட்டை எடுத்து வெற்றிலை, பாக்கு, கற்கண்டு வைத்தாள். ஃபைலைத் தூக்கவும் குடை பிடிக்கவும் றொபின்சன் வந்தான். கம்ப்யூட்டர் எடுத்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தட்டை நீட்டி, "ஒங்க வீட்டத் தனியா அழைக்க வந்திருக்கேன். எனக்காக நாலு கேள்விக்குப் பதில் சொல்லணும்" என்றாள்.

வெற்றிலைத் தட்டைப் பார்த்த பிறகு யார் கதவைச் சாத்துவார்கள்? முதலில் அகஸ்டினா எடுத்துக்கொண்டாள். தட்டைப் பார்த்தாள், சுதர்ஷினியைப் பார்த்தாள், குடை பிடித்து நின்ற றொபின்சனைப் பார்த்தாள்.

ஆய்வின் தலைப்பு பெரியது. தோட்டக் குடும்பங்களின் உடுபுடவைக் கொள்வனவுத் தீர்மானங்களில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள். அதைக் கழுவி, பிழிந்து, லயத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு கேள்வியாக ஆக்கியிருந்தாள்.

"வர்ற மூணு மாசத்துக்குள்ள புதுச் சீலை வாங்குவீங்களாக்கா?"

அகஸ்டினா திரும்பினாள். அடுப்படியில் நின்ற மருமகளைப் பார்த்தாள். மருமகள் தலையாட்டினாள்.

"வாங்குவோம்."

"எதுக்காக?"

"எதுக்காகன்னா…" அகஸ்டினா கூரையைப் பார்த்தாள். "ஒரு கல்யாணத்துக்கு."

"யாரோட கல்யாணம்?"

"வருமில்ல," என்றாள் அகஸ்டினா.

எட்டாம் காம்பராவிலும் வாங்குவோம், கல்யாணத்துக்கு என்றார்கள். பதினொன்றிலும் அப்படியே. மேல் லயத்திலும் அப்படியே. எல்லாரும் முகம் மலர்ந்து, தயங்காமல் சொன்னார்கள். மாலைக்குள் வேலை முடிந்தது. கடைசித் தாளை ஃபைலில் வைத்தபோது சுதர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நல்ல சனம் என்று நினைத்தாள்.

அந்த நல்லெண்ணம் கம்ப்யூட்டரில் ஏறியதும் ஆபத்தாயிற்று. வரைபடம் போட்டால் பல உயரத்தில் தூண்கள் வர வேண்டும். வந்தது ஒரே ஒரு தூண். மலை உச்சியில் இருக்கும் டவர் மாதிரி அது மட்டும் தனியாக நின்றது.

மேற்பார்வையாளர் ஸில்மியா மேடம் ஸூமில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். கொழும்பில் அவரிடம் ஆய்வு செய்வதென்றால் மாணவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள் என்று பேச்சு.

"சுதர்ஷினி, எல்லா வீட்டிலயும் புதுச் சீலை. ஒரு வீடு கூட இல்லைன்னு சொல்லல்லை."

"ஆமா மேடம்."

"பதினாலாம் இலக்க வீட்டில யார் இருக்காங்க?"

"பிலிப்பு தாத்தா, மேடம். தனியா இருக்காரு. மனுசி செத்துப் பல வருசம்."

"அவரும் புதுச் சீலை வாங்கப் போறாரா?"

சுதர்ஷினி தாளைப் புரட்டினாள். "வாங்குவேன்னுதான் சொன்னாரு மேடம். என்ன நிறம்னு கூடச் சொன்னாரு."

பாறையில் காற்று அடித்தது. ஸில்மியா மேடம் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"பாருங்க, மனுசர் பதில் சொன்னா இப்படி வராது. கதிரையில உக்காந்து தானே நிரப்பினாத்தான் இப்படி வரும். நீங்க அப்படிச் செய்யக்கூடியவங்க இல்லைன்னு நான் நினைக்கிறேன். நான் நினைக்கிறது பரீட்சைச் சபைக்குப் போதாது. இந்த மாசக் கடைசிக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிங்க. இல்லாட்டி சோடிச்ச தரவுன்னு போட வேண்டி வரும். அப்படிப் போட்டா பட்டம் இல்லை. வேற எங்கயும் பதியவும் ஏலாது."

மழை, அட்டை, வார இறுதிகள் எல்லாம் ஒரே ஒரு தூணில் மோதி நின்றன.

சுதர்ஷினி பாறையிலேயே உட்கார்ந்து யோசித்தாள். ஒழுங்காக யோசிக்கத் தெரிந்த பெண். எல்லாரும் சீலை வாங்குகிறார்கள். எல்லாரும் கல்யாணத்துக்கு என்கிறார்கள். யார் கல்யாணம் என்றால் சிரிக்கிறார்கள். கேட்கப் போனது யார்? நல்ல சீலை கட்டி, வெற்றிலைத் தட்டு ஏந்திய ஒரு கல்யாணமாகாத பெண். குடை பிடித்தது யார்?

அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது.

வீட்டுக்கு இறங்கி ஓடினாள். "அம்மா, எனக்கும் றொபின்சனுக்கும் கல்யாணம்னு லயத்துல பேச்சா?"

பெரியாயி கையிலிருந்த மாச் சட்டி கீழே விழுந்தது. "என்னடி சொல்ற? எந்த றொபின்சன்?"

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாம எனக்கு மருமகனா?"

சரிதான், பெண்ணைப் பெற்றவள் காதுக்குத்தான் எதுவும் கடைசியாக வரும் என்று சுதர்ஷினி முடிவு கட்டினாள். அம்மாவுக்கே வரவில்லை என்றால் விசயம் எவ்வளவு ஆழமாக ஓடியிருக்க வேண்டும்?

இனி ஒரே வழி. வதந்தியை அடியோடு வெட்டிவிட்டு, அந்த வீடுகளில் மறுபடி கேட்பது. அவள் நேரே தலைவர் சின்னராசாவிடம் போனாள். சின்னராசாவுக்குக் கோயில் ஒலிபெருக்கியில் பேசக் கிடைப்பதென்றால் காய்ச்சலிலும் எழுந்து வருவார். ஞாயிற்றுக்கிழமை காலை, சனம் டவுனுக்குக் கிளம்பும் நேரம், மைக்கைத் தட்டினார்.

"சகல தோட்டப் பெருமக்களுக்கும் ஒரு முக்கிய அறிவித்தல். நம்ம பெரியாயி மகள் சுதர்ஷினி டீச்சருக்கும், மேல் டிவிசன் றொபின்சன் தம்பிக்கும் கல்யாணம் எதுவும் கெடையாது. திரும்பவும் சொல்றேன், கெடையாது. யாரும் அப்படி நெனைக்க வேணாம். நெனச்சிருந்தா மறந்துருங்க. நன்றி."

கீழ் லயத்தில் தலை சீவிக்கொண்டிருந்த கருப்பம்மாவின் சீப்பு பாதியில் நின்றது. பீலியடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் எடுக்கவில்லை. மேல் டிவிசன் சேர்ச்சில் பூசை நடந்துகொண்டிருந்தது. கீபோர்டில் ஒரு சுருதி மட்டும் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது.

மத்தியானத்துக்குள் டிவிசன் இரண்டு பட்டது. ஒரு பக்கம், பையன் நாள் குறித்துவிட்டுக் கைவிட்டான் என்றது. மறுபக்கம், படித்த திமிரில் பெண்தான் வேண்டாமென்றாள் என்றது. பெரியாயியைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிச் சீனி தீர்ந்தது.

"எனக்குத் தெரியாதுன்னா நம்ப மாட்டேங்குறீங்களே," என்றாள் பெரியாயி.

"தெரியாத மாதிரியே இரு மதினி. அதுதான் ஒனக்கு நல்லது," என்றாள் கருப்பம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பின்னேரம் றொபின்சன் வீட்டுச் சனம் ஒரு ஆட்டோவில் எத்தனை பேர் ஏறலாமோ அதற்கு மேலேயும் ஏறி வந்து இறங்கியது. கோயில் முன்றலில் கூட்டம் கூடியது. சின்னராசா நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்தார். தான் பற்ற வைத்ததைத் தானே அணைக்கிற பெருமை முகத்தில் தெரிந்தது.

"தம்பி, ஒளிக்காமச் சொல்லு. ஏன் இந்தப் புள்ளைய வேணாம்னு சொன்ன?"

"வேணும்னுகூட நான் இன்னம் சொல்லலையே," என்றான் றொபின்சன்.

"பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டான்," என்றது பெண் பக்கத்துக் கூட்டம்.

இந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் சேற்றில் சறுக்கி வந்து நின்றது. குடும்பத்தோடு பக்கத்து எல்ல ஊருக்கு விடுமுறையில் வந்த ஸில்மியா மேடம், மாணவி சொன்ன தோட்டம் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமென ஒரு எட்டு வந்திருந்தார். இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டவள் கருப்பம்மா.

"நீங்க புள்ளையோட பெரிய டீச்சரா? நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. கல்யாணம் நின்னு போச்சு."

"எந்தக் கல்யாணம்?"

கருப்பம்மா சொன்னாள். வெற்றிலைத் தட்டு, குடை, மைக் எல்லாவற்றையும் சொன்னாள். சுதர்ஷினி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்க, கண்ணீரும் வர, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். ஏழாம் காம்பராவைத் தாண்டியதிலிருந்து தொடங்கினாள். சேறு செருப்பில் ஏறியதைக்கூடப் பார்க்காமல் மேடம் கேட்டார்.

"ஒரு பதிலையாவது மாத்தினீங்களா?"

"இல்ல மேடம்."

"பிலிப்பு தாத்தாட பதிலை?"

"அவரு சொன்னதத்தான் எழுதினேன் மேடம்."

ஸில்மியா மேடம் சிரித்ததை அந்தப் படிப்பில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தத் தோட்டம் பார்த்தது.

"மகள், இவ்வளவு காலம் படிப்பிச்சிருக்கிறன். கேட்கப் போற விதம் பதிலை மாத்தும்னு புத்தகத்தில இருக்கு. இவ்வளவு சுத்தமா யாரும் பிடிச்சதில்லை. வேற ஒருத்தரா இருந்தா நாலு வீட்டில 'இல்லை'ன்னு போட்டுத் தூணைச் சரிபண்ணியிருப்பாங்க. எனக்கும் தெரிய வந்திருக்காது. நீங்க தொடல்லை. இதையே எழுதுங்க. வெத்திலைத் தட்டு, வதந்தி, சீலை. எல்லாத்தையும் எழுதுங்க."

கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது விளங்கவில்லை. டீச்சருக்கு ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்பது மட்டும் விளங்கி, பஞ்சாயத்து தானாகக் கலைந்தது. மேடத்தை ஒரு வாசல் விடாமல் அழைத்துப் போய்த் தேத்தண்ணி கொடுத்தார்கள். மேடமும் ஒரு வாசலையும் தாண்டவில்லை, கெட்டிக்காரி.

றொபின்சன் மட்டும் கோயில் படியில் உட்கார்ந்திருந்தான். சுதர்ஷினி பக்கத்தில் போய் நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க றொபின்சன். ஒங்க பேரு மைக்குல போனது என்னாலதான்."

"கல்யாணம் இல்லன்னு மைக்குல சொல்லியும் ஒருத்தரும் நம்பல டீச்சர்."

"ஆமா."

"இருக்குன்னு சொல்லிப் பார்ப்போமா?"

சுதர்ஷினி அவனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். எந்த முடிவையும் அவசரமாக எடுக்காத பெண்.

"பரிசோதனைன்னா பலதடவை செஞ்சு பார்க்கணும்," என்றாள்.

"இத ஒரு தடவைதான் செய்ய ஏலும்."

"அப்ப சரி," என்றாள்.

ஆய்வுக்கு உச்சத் தேர்ச்சியான அதிவிசேட சித்தியே கிடைத்தது. கறுப்பு அங்கியோடு அவள் எடுத்த படம் லயத்தில் பல சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஏழாம் காம்பராவில் சாமிக்குக் கொஞ்சம் மேலேயே தொங்குகிறது. ஸில்மியா மேடம் புருசனோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அங்கேயும் முதல் வகுப்பில் பதுளைத் தோட்டத்து வெற்றிலைத் தட்டைப் பற்றித்தான் சொல்கிறாராம். எட்டாம் காம்பராக்காரர் மகனோடு வத்தளைக்குப் போய்விட்டார்கள். சின்னராசாவின் மகள் மடுல்சீமையில் வாழ்க்கைப்பட்டாள். அந்தக் கல்யாணத்தையும் அவர் மைக்கில்தான் சொன்னார்.

சுதர்ஷினிக்கும் றொபின்சனுக்கும் தை மாதம் கல்யாணம். கொழும்பில் வாட்ச்சர் வேலை பார்க்கும் அப்பா லீவு போட்டு வந்து, பெரியாயியும் அவருமாக ஒரு காம்பரா விடாமல் அழைத்தார்கள். மேல் டிவிசன் சேர்ச்சில் மோதிரம், கீழே கோயிலில் மாலை, பிறகு முன்றலில் சாப்பாடு. அடுத்த கிழமை இரண்டு பேரும் கொழும்புக்குக் குடிபோகிறார்கள். அவளுக்கு அதே பிஸ்னஸ் ஸ்கூலில் விரிவுரையாளர் வேலை.

மாலையும் கழுத்துமாகப் பந்தியை விசாரித்துக்கொண்டு வந்த மணப்பெண்ணுக்குப் படிப்புப் புத்தி போகவில்லை. ஒவ்வொரு இலையாகப் பார்த்தாள். ஒவ்வொரு சீலையாகவும் பார்த்தாள். எல்லாம் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் கட்டிப் பழகிய, மடிப்புத் தேய்ந்த சீலைகள். புதுச் சீலை ஒன்றுகூட இல்லை. பிலிப்பு தாத்தா பழைய கோட்டோடு வந்திருந்தார்.

அகஸ்டினாவின் பக்கத்தில் குனிந்தாள்.

"என்னக்கா, என் கல்யாணத்துக்குப் புதுச் சீலை வாங்குவோம்னு லயம் பூராச் சொன்னீங்களே. அதை வச்சுத்தானே நான் பட்டமே வாங்கினேன்."

அகஸ்டினா பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திருத்தமாகச் சொன்னாள்.

"கல்யாணப் பொண்ணே வெத்தலத் தட்டத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அழைக்க வருவான்னு நாங்க எதுக்கும்மா நெனைக்கப் போறோம்? அந்தப் பேச்சே மைக்குல சொன்ன பொறவுதான் எங்க காதுல விழுந்துச்சு. புதுச் சீலை வாங்குவீங்களான்னு நீ மொத சுத்துலயே வீடு வீடாக் கேட்ட. எல்லாருமா இல்லன்னு உள்ளதச் சொல்லிட்டா ஒம் பரீட்சையில முட்டை போட்டுருவாங்களேன்னு, லயத்துல கூடிப் பேசி வச்சுத்தான் ஆமான்னு சொன்னோம்."